தெற்குக் குடாவின் பட்ட மரம்

அந்த ஆள் வந்து மூன்று நாளாகிறது. கையில் தூண்டில் இல்லை.

ஆர்லிஸுக்கு முதலில் உறுத்தியது அதுதான். ஜூன் மாதம், டோர்வால்ட் ஏரி, கரையில் தங்கிச் சமைக்கிற முப்பது கேம்பர் வண்டிகள். வால்ஐ மீன் ஆழத்தை விட்டுக் கரையோரம் மேய வருகிற பருவம். இந்த நேரத்தில் இங்கே ஒருவன் தூண்டில் இல்லாமல் வந்து உட்கார்ந்தால் அவன் கல்யாண வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருக்கிறவன் மாதிரி. வேறு எதற்கோ வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

காலையில் எழுந்ததும் எதிரே இருக்கிற புல்மேட்டில் ஏறுவான். மடக்கு நாற்காலி, கழுத்தில் பைனாகுலர், மடியில் ஒரு நோட்டு. பார்ப்பான், எழுதுவான். மறுபடி பார்ப்பான், எழுதுவான். அந்தப் பக்கத்து மேடுகளில் மரம் கிடையாது. ஒன்றன் பின் ஒன்றாகப் புல்தான், காற்று வந்தால் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாயும். உச்சியில் உட்கார்ந்தவனுக்கு ஏரியின் மூலை முடுக்கெல்லாம் தெரியும். கீழே இருக்கிறவர்களுக்கு அவனைத் தவிர ஒன்றும் தெரியாது. வண்டியில் வெளி மாநிலத்து இல்லினாய்ஸ் நம்பர் பலகை வேறு.

"மீன் இலாகா ஆளுடி," என்றாள் பக்கத்து வண்டி டார்லா. "மாறுவேஷத்துல வந்து, யாரு ஏழாவது மீன் புடிக்கிறான்னு பாக்குறான்."

"மின்னசோட்டா இலாகா ஆளு இல்லினாய்ஸ் வண்டியிலயா வருவான்?"

"அதான் மாறுவேஷம்!"

டார்லாவின் புருஷன் ராய்ஸுக்கு வேறு கணக்கு. "கரைய வளைச்சுப் போட வந்திருக்கான். எழுதி வச்சுக்கங்க, அடுத்த வருஷம் நம்ம வண்டி நிக்கிற எடத்துல ஓட்டல் நிக்கும்."

ஆர்லிஸ் இரண்டையும் கேட்டுக்கொண்டாள், எதையும் நம்பவில்லை. அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவள் புருஷன் வெர்லின் மீன் பிடிக்கிற இடத்தைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறான்.

இந்த ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. மீன் விஷயத்தில் யாரும் யாருக்கும் உண்மை சொல்வதில்லை. மற்றபடி எல்லோரும் தங்கமானவர்கள், கதவைப் பூட்டாமல் தூங்குகிறவர்கள். "என்ன, கிடைச்சுதா?" என்று கேட்டால், பெட்டி நிரம்பி வழிந்தாலும் "ஏதோ ஒண்ணு ரெண்டு" என்பார்கள். நாள் முழுக்கக் காய்ந்துவிட்டு வந்தவனும் "ஏதோ ஒண்ணு ரெண்டு" என்பான். எங்கே என்று கேட்டால் தான் போகாத இடத்தைச் சொல்வான். கேட்டவனுக்கும் அது தெரியும். சொன்ன இடத்துக்கு மட்டும் போகமாட்டான்.

இந்த வித்தையில் வெர்லினை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தினமும் மத்தியானம் ஆறு மீனோடு வருவான், சட்டம் விடுகிற ஆறு. எங்கே என்றால், "தெக்குக் குடா. பட்ட மரத்துக்கிட்ட." முப்பத்தொரு வருஷமாக ஒரே பதில். அந்த ஒரு பதிலாலேயே தெற்குக் குடாவில் இத்தனை வருஷம் ஒருவரும் தூண்டில் போட்டதில்லை. அங்கே மீன் இருக்கிறதா இல்லையா என்பது மீனுக்கே வெளிச்சம்.

உண்மையான இடம் ஆர்லிஸுக்கு மட்டும் தெரியும். கல்யாணமான இரண்டாம் வருஷம், இதே கரையில், அவள் காதோடு காதாகச் சொன்னான். ஏரி குறுகுகிற வடக்குக் கழுத்து. பண்ணையின் தீவனக் கோபுரமும் சர்ச்சின் கூம்பும் ஒரே கோட்டில் வருகிற இடத்தில் படகை நிறுத்தினால், கீழே பாறைக் குவியல். கூடப் பிறந்த தங்கை கெஞ்சிக் கேட்டாள், அவள் சொல்லவில்லை. பெற்ற மகன் கேட்டான், அப்பனைக் கேட்டுக்கோ என்றுவிட்டாள். வெர்லின் வருஷா வருஷம் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமாக ஒரே மீன்பிடி உரிமம் வாங்குவான். அவள் ஒரு நாளும் படகில் ஏறியதில்லை. "ரெண்டு பேர் போனா பேச்சு வரும், பேச்சு வந்தா மீன் வராது" என்பான். அவளுக்கு அதில் குறையில்லை. படகில் இடம் இல்லாவிட்டால் என்ன, ரகசியத்தில் இடம் இருக்கிறதே.

இந்த வருஷம் ஒரு கவலை கூடியிருந்தது. போன இலையுதிர் காலத்தில் வெர்லினின் இதயக் குழாயில் ஸ்டென்ட் என்கிற கம்பிச் சுருள் ஒன்று வைத்தார்கள். தனியாகப் படகில் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னார். வெர்லின் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, சட்டைப் பையில் மாத்திரைக் குப்பியைப் போட்டுக்கொண்டு, தனியாகத்தான் போகிறான். ஃபோனைக்கூட எடுத்துப் போவதில்லை.

புதன்கிழமை ஆர்லிஸ் ஒரு முடிவுக்கு வந்தாள். ரூபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்ட கேக்கைத் துண்டு போட்டுத் தட்டில் அடுக்கி, ஃபிளாஸ்கில் காப்பியோடு மேட்டில் ஏறினாள். இனிப்பைக் கொடுத்து வாயைக் கிளறுவது இந்தப் பக்கத்தில் பழைய முறை.

ஐம்பது வயதிருக்கும் அவனுக்கு. மெலிந்த ஆள், மூக்கு நுனி வெயிலில் உரிந்திருந்தது. பெயர் எம்மெட் என்றான்.

"கேக் எடுத்துக்கறீங்களா?" என்றாள்.

"ஓ, தாங்க," என்று எடுத்துக்கொண்டான்.

ஆர்லிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஊரில் யாரும் முதல் தடவை கேட்டதும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். முதல் தடவை "ஐயோ, வேணாங்க". இரண்டாம் தடவை "உங்களுக்கு எதுக்குச் சிரமம்". மூன்றாம் தடவை "சரி, நீங்க இவ்ளோ சொல்றதால ஒரு சின்னத் துண்டு". இவனோ கேட்ட வாய் மூடுவதற்குள் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துவிட்டான். அடுத்து இன்னொன்று. இப்படிப்பட்டவன் எதற்கும் துணிந்தவன் என்று அவளுக்குப் பட்டது.

"தூண்டில் போடலையா?"

"எனக்கு மீன் புடிக்கத் தெரியாதுங்க. முக்குளிப்பான் எண்ண வந்தேன். நாணலுக்குள்ள மிதக்குற கூடு கட்டியிருக்கு. நாப்பத்திரண்டு கூடு, இன்னைக்கு வரைக்கும்."

பறவை எண்ணுகிறானாம். இதற்காக ஒருவன் இல்லினாய்ஸிலிருந்து வருவானாம். ஆர்லிஸ் முகத்தில் ஒன்றும் காட்டாமல் காப்பியை ஊற்றினாள்.

"உங்க வீட்டுக்காரர்தானே அந்தச் சிவப்புப் படகு? நல்ல மனுஷன். கூடு இருக்கற பக்கம் வந்தா மோட்டார அணைச்சிட்டு, துடுப்பு போட்டுத்தான் போறார்."

"எந்தப் பக்கம்?" அவள் குரல் கொஞ்சம் இறுகிவிட்டது.

"முதல்ல தெக்கால போறார், தீவுக்குப் பின்னால சுத்தறார், அப்புறம் மேற்கு நாணல் குடாவுல போய் நிக்கறார். தினமும் அங்கதான். ஒரு பெரிய அடிக்கட்டை இருக்கு பாருங்க, அதுலேர்ந்து இருபது முழம் தள்ளி."

ஆர்லிஸுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. மேற்குக் குடாவாம்! களையும் சேறும் கெண்டையும் தவிர அங்கே என்ன இருக்கிறது? இவன் போட்டு வாங்குகிறான். தப்பான இடத்தை வேண்டுமென்றே சொல்லி, 'அங்க இல்லீங்க, வடக்கால' என்று என் வாயிலிருந்து வரவைக்கப் பார்க்கிறான். கெட்டிக்காரன்தான். ஆனால் ஆர்லிஸிடமா?

"அப்படியா," என்றாள். "அவர் தெக்குக் குடாவுலன்னு சொன்னார். பட்ட மரத்துக்கிட்ட."

"இல்லீங்களே, நான் தினமும் பாக்கறேனே."

"நீங்க பாத்தா சரிதான்," என்று தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள். அவன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

அன்று சாப்பாட்டின் போது வெர்லினிடம் சொன்னாள். "அந்த ஆளு உன்னத்தான் பாக்குறான். நீ மேற்குக் குடாவுல நிக்கிறன்னு எங்கிட்டயே கதை விடறான்."

வெர்லினின் முள்கரண்டி, ஹாட்டிஷ் என்கிற உருளைக்கிழங்குக் கறிக் கலவைக்குள் ஒரு நொடி நின்றது. "அப்படியா சொன்னான்?"

"நான் வாயத் திறக்கல."

"நீ திறக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும்," என்றான். அதற்கு மேல் உருளைக்கிழங்கைத்தான் பார்த்துச் சாப்பிட்டான். ஆர்லிஸ் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு வெர்லின் படகை எடுத்தான். பன்னிரண்டுக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. பன்னிரண்டரைக்கு ஆர்லிஸ் கரைக்குப் போய் நின்றாள். ஒரு மணிக்கு, பிரயோஜனமில்லை என்று தெரிந்தும், அவன் எண்ணுக்கு அடித்தாள். ஃபோன் அவள் முதுகுக்குப் பின்னால் கேம்பர் மேசையில் கிடந்து சிணுங்கியது.

மேற்கே வானம் பாசி நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. காலையெல்லாம் வீசிய காற்று சட்டென்று நின்று, மேடுகளில் புல் அசையாமல் நின்றது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இடியைவிட இதுதான் பயம். ஊரின் சூறாவளி எச்சரிக்கைச் சங்கு தூரத்தில் ஊதத் தொடங்கியது.

ராய்ஸ் தன் படகின் கயிற்றை அவிழ்த்தான். "ஏறு ஆர்லிஸ். எங்க இருப்பான், சொல்லு."

"தெக்குக் குடா," என்றாள்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். புருஷன் அங்கே என்ன ஆனானோ, இங்கே வாய் பழைய காவலைக் காத்துக்கொண்டிருக்கிறது. ராய்ஸ் இருபது வருஷமாக இந்த இடத்துக்காகத் தவம் கிடக்கிறவன். ஆனாலும் இப்போது அதையா பார்ப்பது?

"இல்ல, இல்ல. வடக்குக் கழுத்து. தீவனக் கோபுரமும் சர்ச் கூம்பும் ஒண்ணா வர்ற எடம். பாறைக் குவியல் இருக்கு."

ராய்ஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

அப்போது மேட்டிலிருந்து அந்த ஆள் விழுந்தடித்து ஓடிவந்தான். மூச்சு வாங்கியது. "மேற்குக் குடாவுல இருக்கார்! ஒரு மணி வரைக்கும் குனிஞ்சு உக்காந்திருந்தார். மீன் புடிக்கறார்னு நெனச்சேன். இப்ப ஆளே தெரியல, படகு மட்டும் நிக்குது!"

"அங்க இருக்க மாட்டான்," என்றாள் ஆர்லிஸ்.

"நான் பாத்தேங்க!"

"எம் புருஷன் எங்க இருப்பான்னு எனக்குத் தெரியாதா, உங்களுக்குத் தெரியுமா? இந்த நேரத்துலயுமா உங்களுக்கு விளையாட்டு? ராய்ஸ், வடக்கால விடு!"

அந்த ஆள் அவளை ஒரு கணம் பார்த்தான். தன் பச்சைத் தோணியைத் தண்ணீரில் இழுத்துப் போட்டு, மேற்கே துடுப்பு வலிக்க ஆரம்பித்தான். டார்லா ஃபோனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ராய்ஸின் படகு வேகமானது. வடக்குக் கழுத்துக்கு ஏழெட்டு நிமிடம்தான். ஆனால் அங்கே சிவப்புப் படகு இல்லை. தண்ணீர் மட்டும் கறுத்துக் கிடந்தது. ஆர்லிஸ் எழுந்து நின்று, கோபுரத்தையும் கூம்பையும் ஒரே கோட்டில் கொண்டுவரப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் எடது. இன்னும். இன்னும்." கரை வந்துவிட்டது. இரண்டும் ஒரே கோட்டில் வரவேயில்லை. திரும்பி வலது கரை வரைக்கும் போனார்கள். அங்கேயும் வரவில்லை.

"முழுகிட்டானா? பாறையில இடிச்சு முழுகிட்டானா ராய்ஸ்?"

ராய்ஸ் ஆழம் காட்டும் கருவியின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மூன்று தடவை ஓட்டினான். திரையில் ஒரே நேர்கோடு, மேசை மாதிரி.

"ஆர்லிஸ்," என்றான், மெதுவாக. "இங்க பாறையே இல்ல. வெறும் சேறு. இங்க எப்பவும் பாறை இருந்ததில்ல."

அவள் திரையைப் பார்த்தாள். அதில் படிப்பதற்கு ஒன்றுமில்லை. முப்பத்தொரு வருஷம். தங்கையோடு ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது இந்தச் சேற்றுக்காகவா? ஊரை ஏமாற்றுகிறான் என்று இத்தனை நாள் கூடச் சேர்ந்து சிரித்தாளே, அந்த ஊரில் தானும் ஒருத்தி என்று தெரியாமல் போயிற்றே. அழுகைக்கு நேரமில்லை.

"மேற்கால விடு," என்றாள். "அந்த ஆளு சொன்ன எடத்துக்கு விடு."

பாதி ஏரியில் காற்று பிடித்தது. மழை பக்கவாட்டில் அடித்தது. படகு அலையில் ஏறி ஏறி விழுந்தது. தீவைச் சுற்றி வருவதற்குள் ஆர்லிஸ் தனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள், தெரிந்தது ஒரே சாமிதான் என்பதால் அவரையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.

நாணலுக்குள் சிவப்புப் படகு தெரிந்தது. அதன் பக்கத்தில் பச்சைத் தோணி கட்டியிருந்தது. படகின் தரையில் வெர்லின் கிடந்தான். மழை முகத்தில் விழாமல் எம்மெட் தன் சட்டையைக் கழற்றிக் கூரை மாதிரி பிடித்துக்கொண்டு, வெற்றுடம்போடு நடுங்கிக்கொண்டிருந்தார். இனி அவனை அவன் என்று சொல்வது மரியாதை இல்லை.

"மாத்திரை பையில இருந்துச்சு. நாக்குக்கு அடியில வச்சேன்," என்றார். "முழிப்பு இருக்கு. பேசறார்."

வெர்லின் கண்ணைத் திறந்தான். சாம்பல் நிற உதடு அசைந்தது. ஆர்லிஸ் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"ராய்ஸையா கூட்டிட்டு வந்த?" என்றான்.

ஊர் ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு கம்பிச் சுருள் வைத்தார்கள். அரை மணி தாமதித்திருந்தால் கதை வேறு என்று நர்ஸ் சொன்னபோது, ஆர்லிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தோணி அவள் பேச்சைக் கேட்டு வடக்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வெர்லின் தலையணையில் சாய்ந்து ஜெல்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் நிறம் வந்திருந்தது. கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"வடக்குக் கழுத்துல பாறை இல்லையே."

கரண்டி நின்றது. ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"நீ உன் தங்கச்சிகிட்ட சொல்றியான்னு பாக்கத்தான் அப்படிச் சொன்னேன். அப்ப கல்யாணமாகி ரெண்டு வருஷந்தான ஆச்சு."

"நான் சொல்லலையே."

"சொல்லல."

"அப்புறம் ஏன் உண்மைய சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உன்னச் சோதிச்சுப் பாத்தேன்னு சொல்லணும்ல. வெக்கமா இருந்துச்சு. அடுத்த வருஷம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அதுக்கு அடுத்த வருஷமும் அப்படித்தான். அப்புறம்..." ஜெல்லிக் கிண்ணத்தை மேசையில் வைத்தான். "நீயும் அவ்ளோ பெருமையா காவல் காத்த. அதையும் கெடுப்பானேன்னு இருந்துச்சு."

"நேத்து அந்தக் காவல்ல உன் உயிரே போயிருக்கும்."

"போகலையே."

"அந்த மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவரா இருந்ததால போகல."

வெர்லின் லேசாகச் சிரித்தான், சமாதானத்துக்கு. "உனக்கும் வராதே ஆர்லிஸ். உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும். உங்கிட்ட உண்மை இருந்திருந்தா ராய்ஸ் ஒரே வருஷத்துல படிச்சிருப்பான்."

அவளுக்குக் கோபம் வந்தது. அவன் செத்துப் பிழைத்தவன் என்பதால் அதைக் காட்ட முடியவில்லை. போர்வையை இழுத்துவிட்டாள், தண்ணீர் கிளாஸை நகர்த்தி வைத்தாள். சோதனையில் தேறியவளுக்கு முப்பத்தொரு வருஷமாக ரிசல்ட் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான்.

சனிக்கிழமை சாயங்காலம், கேம்பரை மூட்டை கட்டுவதற்காக ஏரிக்குத் திரும்பினாள். எல்லோரும் நெருப்பைச் சுற்றி நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள். வெர்லினைப் பற்றி விசாரித்தார்கள். ஆளாளுக்கு ஒரு பாத்திரம் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, எல்லோர் மனதிலும் இருந்ததை ராய்ஸ் கேட்டான்.

"ஆர்லிஸ், தப்பா எடுத்துக்காத. அவன் இனிமே படகு எடுக்கப் போறதில்ல. அந்த எடம் எது?"

பியர் டப்பாவைப் பாதி தூரம் வாய்க்குக் கொண்டுபோன ஒருவரின் கை அப்படியே நின்றது.

"மேற்கு நாணல் குடா," என்றாள் ஆர்லிஸ், நிதானமாக. "பெரிய அடிக்கட்டையிலேர்ந்து இருபது முழம். நீயே பாத்தியே, அங்கதானே கிடந்தான்."

ராய்ஸ் தொடையில் தட்டிச் சிரித்தான். கூட இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "பாத்தீங்களா? இன்னும் விட்டுக் குடுக்க மாட்டேங்கறா! காலைல தெக்கத்திக் காத்து, மோட்டார் நின்னு போச்சு, காத்து அவன அங்க கொண்டு தள்ளியிருக்கு. அந்தக் களையில எவன் தூண்டில் போடுவான்?"

"உண்மையத்தான் சொல்றேன் ராய்ஸ்."

"ஆமா ஆமா. வடக்குக் கழுத்துன்னும் உண்மையத்தான் சொன்ன."

அவள் டார்லாவைப் பார்த்தாள். டார்லா வேறு பக்கம் பார்த்துப் புன்னகைத்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக இந்த நெருப்படியில் ஒருத்தி உண்மை சொல்லியிருக்கிறாள், ஒரு ஜீவன்கூட நம்பவில்லை. எம்மெட்டை மேட்டில் விட்டுவிட்டு இறங்கி வந்தது அவளுக்கு நினைவு வந்தது. முகம் சுட்டது. நெருப்பால் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் படகுகளின் மோட்டார் சத்தம் அவளை எழுப்பியது. வெளியே வந்து பார்த்தாள். பதினொரு படகுகள், வரிசையாக, தெற்குக் குடாவை நோக்கி. ராய்ஸ் முன்னால். அன்று கரையில் அரண்டுபோய் நின்றவள் வாயிலிருந்து முதலில் வந்த சொல் எதுவோ அதுதான் நிஜம் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். ஊர் முழுக்கப் பட்ட மரத்தைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நங்கூரம் போட்டது.

கரையில் எம்மெட் தோணியைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார். ஆர்லிஸ் மிச்சமிருந்த கேக்கோடு அவரிடம் போனாள்.

"உங்கள நான் நம்பல," என்றாள் நேராக. "ரொம்பத் தப்பு. மன்னிச்சிருங்க."

"முக்குளிப்பானும் என்னைப் பாத்தா முட்டையப் புல்லால மூடிட்டுத்தான் போகுது," என்றார் அவர், கேக்கை எடுத்துக்கொண்டே. "அதுமேல கோபப்படவா முடியும்? மேற்கால போறேன், கடைசி எண்ணிக்கை. வர்றீங்களா?"

"வர்றேன்," என்றாள் ஆர்லிஸ்.

ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அவள் போய் வெர்லினின் தூண்டிலையும் புழு டப்பாவையும், பெட்டியில் கிடந்த உரிமத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள். முப்பத்தொரு வருஷமாக அதில் அவள் பெயரும் இருக்கிறது.

அடிக்கட்டையிலிருந்து இருபது முழத்தில் தோணி நின்றது. முக்குளிப்பான் ஒன்று குஞ்சுகளை முதுகில் சுமந்துகொண்டு ஒதுங்கிப் போனது. எம்மெட் நோட்டில் எழுதினார், அவள் தூண்டிலைப் போட்டாள். அரட்டைக்கும் குறைவில்லை, மீனுக்கும் குறைவில்லை. ஒன்பது மணிக்குள் ஆறு.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவள் கைப்பையைத் திறந்து மூக்குத் துடைக்கத் துணி எடுத்தபோது, வெர்லினுக்கு மீன் வாடை வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மீன் புடிச்சியா?"

"ஏதோ ஒண்ணு ரெண்டு."

"நீயா? எங்க?"

ஆர்லிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பின்னல் ஊசிகளை வெளியே எடுத்தாள்.

"தெக்குக் குடா," என்றாள். "பட்ட மரத்துக்கிட்ட."

வெர்லின் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அதில் அவனால் எதையும் படிக்க முடியவில்லை.